கிட்டத்து வேலி: 1884-ல் நெட் வில்லியம்சன் அடித்த 27

இரண்டு, ஒன்று, இரண்டு, பூஜ்யம். 1883-ஆம் வருடம் சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் என்ற பேஸ்பால் அணிக்காக நெட் வில்லியம்சன், ஃபிரெட் ஃபெஃபர், அப்னர் டால்ரிம்பிள், கேப் ஆன்சன் என்ற நாலு பேர் அடித்த ஹோம் ரன்கள் இவ்வளவுதான். நாலு பேருக்கும் சேர்த்து ஐந்து. அடுத்த வருடம் அதே நாலு பேர், அதே அணி, அதே மைதானம். வில்லியம்சன் 27, ஃபெஃபர் 25, டால்ரிம்பிள் 22, ஆன்சன் 21. கூட்டினால் 95.

ஐந்து எங்கே, 95 எங்கே.

இந்தக் கணக்கு என் கண்ணில் பட்டது மூன்று வருடங்களுக்கு முன்னால். பையனைச் சிறுவர் லீக் பேஸ்பால் பயிற்சியில் விட்டுவிட்டு, காருக்குள் உட்கார்ந்து போனில் பழைய சீசன்களின் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. அச்சுப்பிழையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு முந்தைய சாதனையே 14தான், 1883-ல் அமெரிக்கன் அசோசியேஷன் என்ற லீக்கில் ஹாரி ஸ்டோவி அடித்தது. சிகாகோ ஆடிய நேஷனல் லீக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் அதே வருடம் பக் எவிங் அடித்த 10. அது ஒரே சீசனில் 27-க்குத் தாவுகிறது, அதுவும் முதல் நாலு இடமும் ஒரே அணிக்குப் போகிறது என்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. என்னதான் நடந்தது என்று தேடப் போனவன், வில்லியம்சன் என்ற மனிதரை விட முடியாமல் இன்று வரை அவரைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விஷயம். ஹோம் ரன் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவு வருவது கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பந்து கூட்டத்துக்குள் போய் விழுவதுதான். 1880-களில் அப்படி இல்லை. பல மைதானங்களில் வேலி எங்கோ தூரத்தில் இருந்தது, சில இடங்களில் பேட்டருக்கும் வேலிக்கும் சம்பந்தமே இல்லை. பந்தை ஃபீல்டர்களுக்கு நடுவே தள்ளிவிட்டு, அவர்கள் துரத்தி எடுத்து எறிவதற்குள் பேஸ் என்று களத்தில் குறித்திருக்கும் நாலு மூலைகளையும் சுற்றி ஓடி வந்துவிட்டால் அது ஹோம் ரன். மூன்று பேஸ் வரை ஓடினால் டிரிபிள், இரண்டு என்றால் டபுள். அதனால் அந்தக் காலத்தில் பலசாலி யார் என்று பார்க்க டிரிபிள் கணக்கைப் பார்ப்பதுதான் சரி என்பது என் எண்ணம். பந்து ரொம்ப தூரம் போக வேண்டும், அடித்தவரும் ஓட வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் டிரிபிள்.

இன்னும் சில வித்தியாசங்கள் உண்டு. நேஷனல் லீக்கில் கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பந்தெறிய அனுமதி கொடுத்ததே 1884-ல்தான். பிட்சர், அதாவது பந்தெறிபவர், நின்றது 50 அடியில், இன்றைக்கு 60 அடி 6 அங்குலம். ஆனால் பேட்டருக்கும் ஒரு சலுகை இருந்தது: பந்து மேலே வேண்டுமா கீழே வேண்டுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஃபீல்டர்களில் பாதிப் பேருக்கு மேல் வெறுங்கை. ஒரு பந்தை எடுத்தால் அது நைந்து, கறுத்து, மெத்தென்று ஆகும் வரை அதே பந்துதான். அந்தப் பந்தைத் தூரமாக அடிப்பது லேசான வேலை இல்லை.

இப்போது அந்த மைதானத்துக்கு வருகிறேன். பெயர் லேக் ஃப்ரண்ட் பார்க். சிகாகோ வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது நின்று படம் எடுத்துக்கொள்ளும் மில்லேனியம் பார்க் இருக்கிறதே, அதன் வடமேற்கு மூலையில், மிச்சிகன் அவென்யூவும் ராண்டால்ஃப் தெருவும் சேரும் இடத்தில்தான் அது இருந்தது. மேற்கே மிச்சிகன் அவென்யூ, கிழக்கே இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை, அதைத் தாண்டினால் ஏரி. இப்போது ஏரி தள்ளிப் போய்விட்டது, மண் கொட்டி நிரப்பியதால். அன்றைக்குத் தெருவுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே அகப்பட்ட ஒடுக்கமான இடத்தில் ஒரு மைதானத்தைத் திணித்திருந்தார்கள். இடது மூலையில் வேலி 180 அடி. வலது மூலையில் 196. நேர் நடுவில் 300.

180 அடி என்பது எவ்வளவு என்று காகிதத்தில் பார்த்தால் புரியாது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால், பையனோடு அங்கே போனேன். அந்த மூலையில் அரைவட்டமாகத் தூண்கள் நிற்கும், ரிக்லி ஸ்கொயர் என்று பெயர். ஒரு தூணில் முதுகை ஒட்டி நின்று அங்கிருந்து தெற்கே எட்டு வைத்து நடந்தோம், அவன் எண்ணிக்கொண்டே வந்தான். எழுபத்திரண்டாவது எட்டில் நின்றேன். அவன் திரும்பி அந்தத் தூணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இவ்வளவுதானாப்பா?" என்றான். தூணுக்குக் கீழே காபி குடித்துக்கொண்டிருந்தவரின் கப்பில் ஒட்டியிருந்த லேபிள் எங்களுக்கு அங்கிருந்தே பச்சையாகத் தெரிந்தது. பையன் விளையாடும் சிறுவர் லீக் மைதானத்திலேயே வேலி 200 அடி, அவர்கள் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகள். ஆண்கள் சர்வதேச கிரிக்கெட்டில் பவுண்டரிக் கயிற்றை எவ்வளவு உள்ளே இழுத்துப் போட்டாலும் 65 கஜம், அதாவது 195 அடி இருந்தாக வேண்டும். இதே சிகாகோ அணிதான் இன்றைய கப்ஸ், அவர்களுடைய ரிக்லி ஃபீல்டில் இடது மூலை 355 அடி. 1884-ல் இருந்ததைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதைக் கட்டியவர் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை. ஆல்பர்ட் ஸ்பால்டிங், முன்னாள் பிட்சர், அணியின் தலைவர், விளையாட்டுச் சாமான் வியாபாரி. இன்றைக்கும் கூடைப்பந்துகளில் எழுதியிருக்கும் ஸ்பால்டிங் அவருடைய கம்பெனிதான். 1883-ல் மைதானத்தைப் புதுப்பித்தபோது பத்தாயிரம் பேர் உட்காரும்படி இருக்கைகள், பணக்காரர்களுக்குத் திரைச்சீலை போட்ட தனி அறைகள், அவற்றில் சாய்வு நாற்காலிகள், அவருடைய அறையில் டெலிபோன் என்று எல்லாம் வைத்தார். வேலியைத் தள்ளிப் போட மட்டும் இடமில்லை.

அதனால் 1883-ல் ஒரு மைதான விதி போட்டார்கள். இடது, வலது வேலியைத் தாண்டிப் பந்து போனால் டபுள், இரண்டு பேஸ்தான், அதற்கு மேல் கிடையாது. நியாயமான விதி. அந்த வருடம் வில்லியம்சன் அடித்த டபுள்கள் 49. அதுவே அப்போது ஒரு சாதனை. 1884-ல் விதியை மாற்றினார்கள். வேலியைத் தாண்டினால் ஹோம் ரன்.

வில்லியம்சனின் இரண்டு வருடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1883: 49 டபுள், 2 ஹோம் ரன். 1884: 18 டபுள், 27 ஹோம் ரன். கூட்டினால் 51, அப்புறம் 45. மனிதர் ஒரே மாதிரிதான் அடித்துக்கொண்டிருந்தார். அந்த அடிக்கு என்ன பெயர் வைப்பது என்பதைத்தான் மாற்றினார்கள்.

எனக்கு இது உடனே புரிந்ததற்குக் காரணம் எங்கள் தெரு. கிரிக்கெட் ஆடிய எந்தத் தெருவில் வளர்ந்தவருக்கும் இது புரியும். எங்களுக்கு லெக் சைடில் ஒரு வீட்டின் காம்பவுண்டுச் சுவர். பந்து உள்ளே போனால் திரும்பி வராது, ஆகையால் சுவர் தாண்டினால் அவுட். அந்தப் பக்கம் அழகாகத் தூக்கி அடிக்கத் தெரிந்த ஒருவன் எங்களோடு இருந்தான், பாவம், ஐந்து வருடம் கையைக் கட்டிப் போட்ட மாதிரி தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு அந்த வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போக, பூட்டிய வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் ஏறிக் குதித்துப் பந்தை எடுக்கலாம் என்றாகி, விதியும் மாறியது: சுவர் தாண்டினால் சிக்ஸ். அந்தக் கோடை விடுமுறையில் அவனை யாராலும் அவுட் ஆக்க முடியவில்லை. பக்கத்துத் தெருப் பசங்களும் வந்து பார்த்தார்கள். அவன் அடித்த சிக்ஸர்களைச் சுவர் அடித்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, அவனை மாதிரி எங்களில் வேறு யாரும் அடிக்கவில்லையே.

வில்லியம்சன் விஷயத்திலும் இதைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் கணக்கு என்னை அவ்வளவு தூரம் போக விடவில்லை. அவருடைய 27-ல் 25 சொந்த மைதானத்தில் அடித்தவை. வெளியூரில் அடித்தது இரண்டே இரண்டு. அணி மொத்தமாக 142 ஹோம் ரன், முந்தைய வருடம் வெறும் 13. அந்த 142-ல் 131 லேக் ஃப்ரண்ட் பார்க்கில். லீக்கில் அவர்களுக்கு அடுத்து வந்த பஃபலோ மொத்த சீசனிலும் 39. இந்த 142-ஐ வேறொரு அணி தாண்டுவதற்கு 1927 வரை ஆயிற்று, பேப் ரூத்தும் லூ கெரிக்கும் இருந்த நியூயார்க் யாங்கீஸ் 158 அடித்த வருடம் அது.

அந்த சீசனில் நடந்ததைப் படிக்கப் படிக்கத் திருவிழா மாதிரி இருக்கும். மே 30 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிராக வில்லியம்சன் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார், மேஜர் லீக், அதாவது மேல்மட்ட பேஸ்பால் வரலாற்றிலேயே முதல் தடவை. ஆகஸ்ட் 5, 6 தேதிகளில் ஆன்சன் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஐந்து, அதில் இரண்டாவது ஆட்டத்தில் மட்டும் மூன்று. அக்டோபர் 9 அன்று பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த ஜாக் மேனிங் என்பவரும் ஒரு ஆட்டத்தில் மூன்று அடித்துவிட்டுப் போனார். அதுவரை யாருமே செய்யாத காரியத்தை ஒரே வருடத்தில் மூன்று பேர் செய்தார்கள், மூன்றும் இதே மைதானத்தில்.

மேனிங் கதையில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவனுக்கும் வேலி கிட்டத்தில்தான் இருந்தது. சிகாகோவின் பிட்சர் லாரி கோர்கரன் அந்த ஒரு சீசனில் 35 ஹோம் ரன் கொடுத்தார். மற்ற பிட்சர்களுக்கு அந்த எண்ணெல்லாம் கனவில் கூட வராது. ஆனால் அதே கோர்கரன்தான் அதே சீசனில், ஜூன் 27 அன்று, அந்த வருடச் சாம்பியனான பிராவிடன்ஸ் அணிக்கு ஒரு ஹிட் கூட, அதாவது அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச் சேரும் ஒரு அடி கூடக் கொடுக்காமல் ஒரு முழு ஆட்டம் எறிந்தார், அவர் வாழ்க்கையில் மூன்றாவது முறையாக. அடித்தவர்களைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறார்கள், முதுகுக்குப் பின்னால் 180 அடியில் வேலியை வைத்துக்கொண்டு நாள் தவறாமல் பந்தெறிந்த அந்தச் சின்ன உருவக்காரரைப் பற்றி யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

இத்தனை ஹோம் ரன் அடித்தும் சிகாகோ ஜெயித்ததா என்றால், இல்லை. 1880, 81, 82 மூன்று வருடமும் சாம்பியன், 1885, 86-லும் சாம்பியன், நடுவில் இந்த 1884-ல் 62 வெற்றி, 50 தோல்வி. ஜெயித்த பிராவிடன்ஸ் அணி முழு சீசனிலும் அடித்த ஹோம் ரன் 21, கேப் ஆன்சன் ஒருவர் மட்டுமே அடித்ததுக்குச் சமம்.

ஆன்சன் பெயர் வந்துவிட்டது, ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனசு வராது. 1883 ஆகஸ்டில் டொலீடோ நகரத்தில் ஒரு நட்பு ஆட்டம். அந்த அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். அவர் ஆடினால் நாங்கள் இறங்க மாட்டோம் என்று ஆன்சன் முரண்டு பிடித்தார், டிக்கெட் காசு போய்விடும் என்று தெரிந்த பிறகுதான் இறங்கினார். 1884-ல், இந்த ஹோம் ரன்கள் எல்லாம் பறந்துகொண்டிருந்த அதே கோடையில், வாக்கர் டொலீடோவுக்காக அமெரிக்கன் அசோசியேஷனில் 42 ஆட்டங்கள் ஆடினார். அதன் பிறகு 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும் வரை கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக் கதவு மூடியே கிடந்தது. மூடியவர்களில் சத்தமாக நின்றவர் ஆன்சன். 21 என்ற அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 42-ம் என் கண்ணில் படுகிறது.

சரி, 1884-ன் உண்மையான பலசாலி யார்? என் பதில் டான் புரூதர்ஸ். பஃபலோ அணியின் முதல் பேஸ்காரர், ஆறடி இரண்டு அங்குலம், இடது கை பேட்டர், 'பிக் டான்' என்று கூப்பிடுவார்கள். அந்த வருடம் அவர் அடித்தது 14. நேஷனல் லீக்கில் சிகாகோக்காரர்கள் நால்வரை விட்டுவிட்டுப் பார்த்தால் அவர்தான் முதல் ஆள். ஒவ்வொரு முறை மட்டையைப் பிடித்தபோதும் சராசரியாக எத்தனை பேஸ் சம்பாதித்தார் என்று ஒரு கணக்கு உண்டு, ஸ்லக்கிங் என்பார்கள். 1884-ல் வில்லியம்சன் .554, புரூதர்ஸ் .563. வேலி வாரிக் கொடுத்த அத்தனையையும் சேர்த்துக்கொண்ட பிறகும் வில்லியம்சனால் அவரைத் தாண்ட முடியவில்லை. 1881-லிருந்து 1886 வரை ஆறு வருடமும் அந்தக் கணக்கில் லீக்கின் முதலிடம் புரூதர்ஸ்தான். வாழ்நாளில் 106 ஹோம் ரன், அதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக 205 டிரிபிள். நியூயார்க்கின் ராஜர் கானரையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மொத்தம் 138 ஹோம் ரன் அடித்து, 1921-ல் ரூத் தாண்டும் வரை வாழ்நாள் சாதனையை வைத்திருந்தவர், டிரிபிள் மட்டும் 233. அந்தக் கானர் 1884-ல் அடித்த ஹோம் ரன் நாலு. நாலே நாலு! பட்டியலை மட்டும் பார்த்தால் அவர் அந்த வருடம் விளையாடினாரா என்றே தெரியாது.

சிகாகோவின் கூத்து ஒரே வருடத்தில் முடிந்தது. அந்த நிலம் மத்திய அரசு நகரத்துக்குக் கொடுத்தது, வியாபாரத்துக்கு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு. அதைச் சொல்லி அணியைக் கிளப்பிவிட்டார்கள். 1885-ல் வெஸ்ட் சைட் பார்க் என்ற வேறு இடத்துக்குப் போனார்கள். அங்கே டால்ரிம்பிள் 11 அடித்தார், அதுவே அந்த வருடம் நேஷனல் லீக்கில் முதலிடம், ஆக அவருக்கு உண்மையிலேயே கையில் சரக்கு இருந்திருக்கிறது. வில்லியம்சன் அடித்தது மூன்று.

27-க்கு முன் இரண்டு, 27-க்குப் பின் மூன்று. இதனால்தான் இந்த மனிதரைக் குருட்டு அதிர்ஷ்டக்காரர் என்று ஒரு வரியில் எழுதித் தள்ளிவிட்டுப் போகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில் வில்லியம்சனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மட்டை இல்லை, கை. மூன்றாவது பேஸில் நின்று, தடிமனான அந்த உடம்பை வைத்துக்கொண்டு, பாய்ந்து பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிகிற அந்த வலது கை. 1888-ல் சின்சினாட்டியில் வீரர்களுக்குள் யார் தூரமாக எறிவது என்று போட்டி வைத்தபோது 399 அடி 11 அங்குலம் எறிந்தார். லேக் ஃப்ரண்ட் பார்க்கின் இடது வேலி வரைக்குமான தூரத்தை ஒரு முறை அளந்து, இன்னொரு முறையும் அளந்தால் கூட அதற்கு மேல் கிட்டத்தட்ட 40 அடி மிச்சம் இருக்கும். ஆன்சன் தன் வயதான காலத்தில், தான் பார்த்த எல்லா ஆட்டக்காரர்களிலும் எல்லா வேலையும் தெரிந்தவர்களில் தலை சிறந்தவர் வில்லியம்சன் என்றே எழுதி வைத்தார். அதில் ஹோம் ரன்னுக்கு என்ன பங்கு? 1884-ல் ஹோம் ரன் சாதனைக்கென்று யாரும் மாலை போட்டுவிடவில்லை. பேட்டிங் சராசரி யாருக்கு அதிகம் என்றுதான் பார்த்தார்கள், அந்த வருடம் அது இதே அணியின் கிங் கெல்லிக்கு, .354.

1888 கடைசியில் ஸ்பால்டிங் இரண்டு அணிகளைத் திரட்டிக்கொண்டு பேஸ்பாலை உலகத்துக்குக் காட்டுகிறேன் என்று கப்பல் ஏறினார். ஆஸ்திரேலியா முடிந்து, 1889 ஜனவரி கடைசியில் கொழும்பில் இறங்கி ஆடினார்கள். கல்கத்தா போகும் யோசனையைக் கைவிட்டார்கள், அதனால் இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் 95 ஹோம் ரன் அடித்த அந்த நாலு பேரில் ஆன்சன், ஃபெஃபர், வில்லியம்சன் மூன்று பேர் கொழும்பு வெயிலில் மட்டை பிடித்திருக்கிறார்கள், வில்லியம்சன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை வருடம் சிகாகோவில் மட்டும் இருந்த ஒருவர் திடீரென்று பாக் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அங்கிருந்து எகிப்து, இத்தாலி, பிறகு பாரிஸ். மார்ச் மாதம், ஈஃபல் கோபுரம் கட்டி முடியும் தறுவாய். அதற்குப் பக்கத்தில் ஒரு திடலில் ஆட்டம். தரை நல்ல தரை இல்லை, சரளைக் கல். பேஸுக்கு ஓடும்போது வில்லியம்சன் விழுந்து முழங்கால் கிழிந்தது. அப்போதைக்குப் பெரிதாகத் தெரியாத காயம், இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் படுக்கையில் போட்டுவிட்டது. ஊர் திரும்பிய பிறகு பழைய வில்லியம்சன் திரும்பி வரவில்லை. 1890-ஓடு ஆட்டம் முடிந்தது. சிகாகோவில் மதுக்கடை நடத்தினார், உடம்பு வீங்கியது, வெந்நீர் ஊற்றுக்கும் மருத்துவ நீருக்கும் பேர்போன ஆர்கன்சாவுக்குச் சிகிச்சைக்குப் போனார், 1894 மார்ச் 3 அன்று அங்கேயே இறந்தார். வயது 36.

27 அடித்தது ஒரு பெரிய சாதனை என்று உயிரோடு இருந்தவரை அவரிடம் யாரும் வந்து கேட்டிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைக் கேட்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

1919-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் பேப் ரூத் அடிக்க ஆரம்பித்ததும் பத்திரிகைக்காரர்கள் பழைய கணக்குப் புத்தகங்களைத் தூசி தட்டினார்கள். முதலில் காவி கிராவத் 1915-ல் அடித்த 24-தான் சாதனை என்றார்கள், ரூத் அதைத் தாண்டினார். இல்லை இல்லை, 1899-ல் வாஷிங்டனுக்காக பக் ஃப்ரீமன் 25 அடித்திருக்கிறார் என்று அடியிலிருந்து ஒன்றை எடுத்தார்கள். இந்த ஃப்ரீமனைப் பற்றியும் ஒரு வார்த்தை: அந்த வருடம் அவருக்கு அடுத்தபடியாக இருந்தவர் 12-தான், ஆக ஃப்ரீமன் அடித்ததைச் சந்தேகமே இல்லாத பலம் என்று சொல்வேன். ரூத் அதையும் தாண்டினார். அப்புறம்தான் இன்னும் கீழே தோண்டி, செத்து இருபத்தைந்து வருடம் ஆன வில்லியம்சனின் 27-ஐ மேலே கொண்டு வந்தார்கள். செப்டம்பர் 20 அன்று ரூத் அதைத் தொட்டார்.

அந்த சீசனில் ரூத் மொத்தம் 29. சொந்த ஊர் ஃபென்வே பார்க்கில் 9, வெளியூர்களில் 20. வில்லியம்சனின் 25-க்கும் 2-க்கும் நேர் எதிரான கணக்கு. எந்த ஊருக்குப் போனாலும், எந்த வேலி எந்தத் தூரத்தில் இருந்தாலும் அடிக்கிற ஒருவர் கடைசியில் வந்துவிட்டார்.

28-ஆவது வந்தது செப்டம்பர் 24, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில், ஒன்பதாவது இன்னிங்ஸில். பந்து வலது பக்க வேலியைத் தாண்டி, அதற்குப் பின்னாலிருந்த இருக்கைகளைத் தாண்டி, அந்தக் கூரையையும் தாண்டி வெளியே போனது. 35 வருடம் நின்ற 27 அன்றைக்கு முடிந்தது. அந்த வருடங்களில் அதே போலோ கிரவுண்ட்ஸில் ஒரு பெரியவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார், பழைய சிநேகிதத்துக்காக நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மேலாளர் ஜான் மெக்ரா போட்டுக் கொடுத்த வேலை, இரவுக் காவலும் வாசல் காவலும். வயது 61, ஆறடி இரண்டு அங்குலம். டான் புரூதர்ஸ்.